"ஏன்" என்று கேட்க நேரமில்லாத கணித வகுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்றுக்கு நூறு வாங்க வைக்கும் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சென்ற வாரக் கல்வி இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "இவருடைய வகுப்பில் ஏன் என்று கேட்க மாணவர்களுக்கு நேரமே இருப்பதில்லை" என்று தங்கள் செய்தியாளர் வியந்து எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அது பாராட்டு என்று விளங்கவே சற்று நேரம் பிடித்தது.

அந்த ஆசிரியர்மீது எனக்கு வருத்தமில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டியவர் அவர்தான். வினாத்தாளின் அமைப்பைத் தாங்கள் அறியாதவரல்லர். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16, ஆக 30. இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைத் தேற்றிவிட்டால் தேர்ச்சி மதிப்பெண்ணான 35ஐத் தாண்டிவிடலாம். 'மெல்லக் கற்போர்' என்று நாமே பெயர் சூட்டிய பிள்ளைகளுக்கு, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இதைத் தவிர வேறு கணிதம் கிடையாது. வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துவிடுவார்கள்; அது ஆரத்துக்கு ஏன் செங்குத்தாக இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். 2019இல் வந்த பாடநூலில் 'சிந்தனைக் களம்' என்று கட்டம் போட்டுக் கேள்விகள் தந்திருக்கிறார்கள். அவற்றின் மேல் 'தேர்வுக்கு வராது' என்று பென்சிலால் எழுதப்பட்ட புத்தகங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என் வகுப்பில் நான் எதிர்பார்த்தவை குறைவு. விடை தவறாக வந்தாலும் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும், அடித்த வரியை அழிக்கக் கூடாது, "சரியா சார்?" என்று என் முகத்தைப் பார்க்காமல், வந்த விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுத் தானே சரிபார்க்க வேண்டும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன் வருகிறது என்று ஒரு மாணவி கேட்டபோது, அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு அதையே பேசினோம். பாடப்பகுதி பின்தங்கியதற்காகத் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு கதை. ஆனால் அதன் பிறகு அந்த வகுப்பில் குறியைத் தவறவிட்டவர்கள் அரிது.

தங்கள் இணைப்பிதழைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. எக்ஸ் வர்க்கம் கழித்தல் எக்ஸ் கழித்தல் 20 சமம் பூஜ்ஜியம் என்ற சமன்பாட்டுக்கு, மூலங்கள் மெய்யெண்களா என்று காட்டும் தன்மைகாட்டியை 1 கூட்டல் 80 என்பதற்குப் பதிலாக 1 கழித்தல் 80 என்று போட்டு, மெய்யெண் மூலங்கள் இல்லை என்று மாதிரி விடை அச்சிட்டிருந்தீர்கள். காரணிப்படுத்தினாலே 5, -4 என்று இரண்டு மூலங்கள் கிடைத்துவிடும். வளைவரையை வரைந்து பார்த்த பிள்ளைக்கும், அது எக்ஸ் அச்சை இரண்டு இடங்களில் வெட்டுவது தெரிந்திருக்கும். அப்போதே கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை, சென்டம் வாங்குவது எப்படி என்று முழுப் பக்கக் கட்டுரைதான் வந்தது. அரசு 2017இலேயே கைவிட்ட தரவரிசையை, முதலிடம் பெற்றவர்களின் படங்களோடு தாங்கள் ஆண்டுதோறும் விடாமல் காத்து வருவதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. அந்தத் திருத்தத்தை, கழித்தல் 80 எவ்வாறு கூட்டல் 80 ஆகிறது என்ற வரியையும் சேர்த்து, வெளியிடுங்கள். பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்குக் கீழே சிறிது இடம் கிடைத்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
விழுப்புரம் மாவட்டம்