அன்னை இட்ட தீ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாயின் சிதைக்கு முன் நின்று பட்டினத்தார் பாடியனவாக வழங்கும் பாடல்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'முன்னை இட்ட தீ முப்புரத்திலே; பின்னை இட்ட தீ தென்னிலங்கையில்; அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே; யானும் இட்ட தீ மூள்க மூள்கவே' என்ற பாட்டில் நான்கு அடியிலும் வரும் தீ நிலையாமைக்கு ஒரே குறியீடு என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

முப்புரத்தில் மூண்டது சிவபெருமான் இட்ட தீ, தென்னிலங்கையில் மூண்டது அனுமன் இட்ட தீ. இவ்விரண்டும் பகையை எரித்தவை. எல்லோரும் அறிந்த கதைகள். பாட்டு திரும்புவது மூன்றாம் அடியில். 'அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே' என்கிறவர் யாருடைய வயிறு என்று சொல்லவில்லை. கருவைத் தாங்கிய தாயின் வயிற்றுச் சூடு என்றும் கொள்ளலாம். அவள் மறைவால் மகன் வயிற்றில் பற்றிய துயரம் என்றும் கொள்ளலாம். 'ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்து பெற்று' என்று உடன் வரும் வெண்பா முதற்பொருளுக்குத் துணை நிற்கிறது. வயிறு பற்றி எரிகிறது என்று துக்க வீட்டில் நாம் கேட்கும் பேச்சு இரண்டாவதற்குத் துணை. இரண்டையும் சேர்த்தே கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். சொல் ஒன்றாக இருந்தும் பொருள் அடிக்கு அடி மாறுவதால், இதைச் சொல்லும் பொருளும் மாறாமல் திரும்ப வரும் சொற்பொருள் பின்வருநிலையணி என்பதைவிடச் சொல் பின்வருநிலையணி என்பதே பொருந்தும்.

கட்டுரையாளர் தொடாத இடம் ஒன்று உண்டு. முப்புரத்திலே, தென்னிலங்கையில், அடிவயிற்றிலே என்று மூன்று தீக்கும் இடம் சொன்னவர், தாம் இட்ட தீக்கு மட்டும் இடம் சொல்லவில்லை. முப்புரமாகிய வானத்துக் கோட்டையிலிருந்து வயிறு வரை நெருங்கி வந்த பாட்டு, தாயின் உடல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயடைத்துப்போய், 'மூள்க மூள்கவே' என்று அடுக்கி நின்றுவிடுகிறது. முன்னை, பின்னை, அன்னை என்று குறிலில் தொடங்கி ஓடிவந்த எதுகையும் 'யானும்' என்ற நெடிலில் முறிகிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இங்கே பர்மாவில், பெகு நகரில் என் தாயாருக்குக் கொள்ளி வைத்தபோது, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இப்பாட்டைப் பாடினார். உடைத்த குடத்தின் நீர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. 'யானும் இட்ட தீ' என்றதும் அவர் நிறுத்திக்கொண்டார். நான் சிதைக்கு முதுகைக் காட்டியபடி கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளியை வைத்த பிறகே 'மூள்க மூள்கவே' என்று முடித்தார். தீ எங்கே பட்டது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான்காம் அடியில் இடப்பெயர் இல்லை என்பதை அன்றுதான் முதன்முதலில் கவனித்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கட்டுரையில் 'யான் இட்ட தீ' என்று அச்சாகியிருக்கிறது. 'யானும்' என்பதே பாடம். அந்த 'உம்' என்னும் உம்மைதான் சிவனுக்கும் அனுமனுக்கும் அன்னைக்கும் அடுத்த வரிசையில், தாய்க்குத் தீ வைக்கும் மகனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது போனால் ஓசையும் குறைகிறது. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
பெகு, பர்மா