சதுரங்கப் போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் முதன்முறையாக ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) கணக்கிடப்படும் போட்டியில் ஆடவிருக்கிறார்கள். புதிதாக ஆடும் பிள்ளைகள் இழக்கும் புள்ளிகளில் பல, ஆட்டம் தெரியாததால் போவதில்லை. கையாலும் கடிகாரத்தாலும் போகின்றன. இந்த இரண்டையும் வீட்டிலேயே பழக்கிவிடலாம்.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய விரும்பினால், தொடுவதற்கு முன்பே 'ஐ அட்ஜஸ்ட்' என்று சொல்ல வேண்டும். தொட்டபின் சொன்னால் செல்லாது. உலக சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2016 மாஸ்கோ கேண்டிடேட்ஸ் போட்டியில், முன்னணி ஆட்டக்காரரான ஹிகாரு நகமுரா ராஜாவைத் தொட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். எதிரே இருந்த லெவோன் அரோனியன் ஏற்கவில்லை. ராஜாவை நகர்த்த நேர்ந்தது, ஆட்டமும் கைவிட்டுப் போனது. அந்த அளவு ஆட்டக்காரருக்கே விலக்கு இல்லை.

காயை நகர்த்துவதும், நகர்த்தியபின் தன் நேரம் நிற்கக் கடிகாரத்தை அழுத்துவதும் ஒரே கையால்தான். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்யும்போது முதலில் ராஜா, பிறகு யானை. இரண்டும் ஒரு கையால். இரு கையாலும் செய்து கடிகாரத்தை அழுத்தினால், அது விதிமீறிய நகர்வாகவே கொள்ளப்படும். கடைசி வரிசைக்குப் போன சிப்பாயை ராணியாகவோ வேறு காயாகவோ மாற்றாமல் கடிகாரத்தை அழுத்தினாலும் அப்படித்தான். நீண்டநேர ஆட்டத்தில் இத்தகைய முதல் தவறுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது தவறில் பொதுவாக ஆட்டமே போய்விடும். பதற்றத்தில் கைகள் பழகியதைத்தான் செய்யும் என்பதால், வீட்டில் ஆடும்போதும் கடிகாரம் வைத்தே ஆடட்டும்.

செல்போன், ஸ்மார்ட் வாட்ச் இரண்டும் உங்களிடமே இருக்கட்டும். 2003 ஐரோப்பிய அணிகள் போட்டியில் உக்ரைன் ஆட்டக்காரர் ருஸ்லான் பொனமரியோவின் செல்போன் ஒலித்ததால் அவர் அந்த ஆட்டத்தை இழந்தார். இன்றைய விதி இன்னும் கடுமையானது: ஒலிக்கவே வேண்டாம், அனுமதியின்றிப் பையில் இருந்தாலே ஆட்டம் போகலாம்.

இனி நேரம். 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடி கூடுதலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நகர்வு ஓடும் ஆட்டத்தில் ஒருவருக்கு 2 மணி நேரம், மொத்தம் 4 மணி நேரம் இருக்கிறது. நம் பிள்ளைகளோ அரை மணியில் ஆடி முடித்துவிட்டு வெளியே வருகிறார்கள். எதிராளி நகர்த்தியதும் அதை ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதி, எழுதிய பின்னரே யோசிக்கச் சொல்லுங்கள். பேனா பிடித்த கை அவசரமாகக் காயைத் தொடாது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கடிவாளம் இல்லை.

பலகையில் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் டிரா கேட்கலாம். அதற்கு, அந்த நிலையைக் கொண்டுவரும் நகர்வைப் பலகையில் ஆடக்கூடாது. தாளில் மட்டும் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைக்க வேண்டும். ஆடிவிட்டால் அந்த நேரத்தில் கேட்கும் உரிமை போய்விடும்.

சுவிஸ் என்னும் ஜோடி சேர்க்கும் முறையில் ஒரே புள்ளி எடுத்தவர்கள்தான் கூடுமானவரை மோதுவார்கள். முதல் இரண்டு சுற்றில் வென்ற பிள்ளைக்கு மூன்றாவதில் கடினமான எதிராளி வருவது முறையின் இயல்பு. அங்கே தோற்றால் திறமை குறைந்துவிட்டது என்று பொருளில்லை. ரேட்டிங்கையும் அப்படியே பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட, 2300-ஐத் தொடாத ஆட்டக்காரர்களுக்கு அது வேகமாக ஏறி இறங்கும்படிதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். தன்னைவிட 200 குறைந்தவரிடம் தோற்றால் ஏறத்தாழ 30 போகும். வென்றாலோ கிடைப்பது 10 அளவுதான். ஒரு மாதத்து எண்ணை வைத்துப் பிள்ளையை எடைபோடாதீர்கள்.

பயிற்சியில் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்யும் நேரத்தில் பாதியை இறுதி ஆட்டத்துக்கு, அதாவது பெரும்பாலான காய்கள் போனபின் வரும் கட்டத்துக்குக் கொடுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனது அங்கேதான். பதினான்காம் ஆட்டம், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிராவாகக்கூடிய நிலை. குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். யானைகள் போயின, அடுத்து பிஷப்புகளும் போயின. மீந்தது சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டுமே, அது குகேஷுக்கு வெற்றி நிலை. எந்தக் காயை எப்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது ராஜா–சிப்பாய் இறுதி ஆட்டத்தை ஆடி ஆடிப் பார்த்தவர்களுக்கே சட்டென்று தெரியும்.

ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் உடனே முடிவைக் கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சாப்பிட வையுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் கணினியில் தவறுகளைத் தேடவும் வேண்டாம். அது கலக்கத்தையே கூட்டும்.

அசல் ஸ்கோர்ஷீட் போட்டி நடத்துபவர்களுக்குச் சேரும். நகல் இருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போட்டி முடிந்து பள்ளிக்கு வரும் நாளில் எல்லாச் சுற்றுகளின் தாள்களையும், தோற்ற ஆட்டங்களுடையதையும் சேர்த்து, பயிற்சியாளரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்