ஸ்டால் வாடகை வாங்கினதோட உங்க வேலை முடிஞ்சுடல: தெருச்சந்தை நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சந்தை நடத்துற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் மண்ணுல கப்பு, கிண்ணம், தட்டு செஞ்சு விக்கிற ஆள். தெருவ அடைச்சு ஒரு நாள் ரெண்டு நாள் நடக்குற கைவினைச் சந்தைகள்ல மேசை போட்டு நிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தர். கோபத்துல எழுதல, சரி, கொஞ்சம் கோபம் இருக்கு. நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க வருமானம் பெரும்பாலும் ஸ்டால் வாடகையிலதான் வருது, அதுவும் சந்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கைக்கு வந்துடுது. அதுக்கப்புறம் எங்களுக்கு வித்தா என்ன, விக்காட்டி என்ன, உங்க கணக்கு அன்னிக்கே டேலி ஆயிடுச்சு. சாமான் வாங்க வர்ற ஜனங்களைவிட ஸ்டால் எடுக்குற நாங்கதான் உங்களுக்கு கஸ்டமரா ஆயிட்டோம். மத்த வம்பெல்லாம் இந்த ஒரு இடத்துலருந்துதான் கிளம்புது.

எப்படின்னா, ஸ்டால் எண்ணிக்கை கூடினா உங்களுக்கு லாபம், அதனால யார் பணம் கட்டினாலும் இடம் குடுக்குறீங்க. ஒரே வரிசையில ஏழெட்டு பேரு காதணி விக்கிறாங்க, அதுல பாதிப்பேரு எதிர் ஸ்டால் விலையப் பாத்து மதியத்துக்குள்ள விலைய இறக்கிடுறாங்க, சாயங்காலம் யாருக்கும் ஒண்ணும் மிஞ்சல. நகைக்கு இத்தனை, சோப்புக்கு இத்தனை, துணிப்பைக்கு இத்தனைன்னு ஒரு வரம்பு வெச்சா இது நடக்காது. ஆனா வரம்பு வெச்சா சில ஸ்டால் காலியா கிடக்கும், அது உங்களுக்கு நஷ்டம், அதனால வைக்க மாட்டீங்க.

இதைவிட பெரிய வயித்தெரிச்சல் மொத்தமா வாங்கியாந்து "ஹேண்ட்மேட்"னு போர்டு வெச்சு விக்கிறவங்க. ஒரு சந்தையில என் பக்கத்து ஸ்டால்காரர் கடை விரிக்கிறதுக்கு முன்னாடி கப்பெல்லாம் கவுத்து வெச்சு, அடியில ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கரை நகத்தால சுரண்டிட்டு இருந்தாரு. பசை முழுசா போகல, அதுல தூசி ஒட்டி சதுரமா கறுப்புத் தடம் தெரிஞ்சுது. அந்தக் கப்பு எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே உயரம், ஒரே கைப்பிடி. என் மேசையில இருக்குறதுல நாலு கப்ப வரிசையா வெச்சா ஒண்ணு தோள்பட்டை கொஞ்சம் சாஞ்சிருக்கும், ஒண்ணுல கிளேஸ், அதாவது மேல பூசுற பளபளப்புப் பூச்சு, ஒரு பக்கம் தடிச்சு வழிஞ்சு நிக்கும், அடியில பூச்சு இல்லாம வெறும் மண்ணு தெரியிற வளையத்துல என் விரல் பட்ட தடம் இருக்கும். வாங்க வர்றவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது, ரெண்டு போர்டுலயும் ஒரே வார்த்தை, அங்க விலை பாதிதான், அங்கதான் போவாங்க, அவங்களைச் சொல்லி குத்தமில்ல. நான் போயி உங்க வாலண்டியர்கிட்ட சொன்னா "அவங்களும் ஃபுல் பேமெண்ட் பண்ணிருக்காங்க"ங்கிறாரு.

செக் பண்றது கஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்டாலுக்கு விண்ணப்பம் வாங்கும்போது, பாதி வேலை முடிஞ்ச பொருள் ஒண்ணை கையில வெச்சு காட்டச் சொல்லுங்க, போதும். வாங்கி விக்கிறவங்ககிட்ட முடிஞ்ச சரக்கு எவ்வளவு வேணாலும் இருக்கும், சுடாத கப்பு இருக்காது, தைக்காம வெட்டி மட்டும் வெச்ச தோலு இருக்காது. சந்தேகம் இருந்தா ஒரு வீடியோ கால்ல வேலை செய்யற இடத்தைப் பாத்துடலாம், அஞ்சு நிமிஷ வேலை. வெளியில செஞ்சு வாங்குற பாகங்களை எந்த அளவு அனுமதிப்பீங்கன்னும் எழுதி வெச்சுடுங்க, மணி கோர்க்குறவங்க மணியையும் தானே செய்யணும்னு யாரும் கேக்கல.

இப்படியெல்லாம் நடத்த முடியுமான்னா, நடத்திட்டு இருக்காங்க. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல யூஜீன்னு ஒரு ஊரு, அங்க 1970-ல ஆரம்பிச்ச சனிக்கிழமை சந்தை இன்னமும் நடக்குது. செஞ்சவங்களே நின்னு விக்கணும்ங்கிறதுதான் அங்க அடிப்படை விதி. வாடகையும் ஒரு சின்னத் தொகை, அது போக அன்னிக்கு வித்ததுல ஒரு பங்கு. அதைப் பாத்து 1974-ல அதே மாநிலத்துல போர்ட்லேண்ட்லயும் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. விற்பனையில பங்குன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, எங்களுக்கு போணி ஆகலைன்னா சந்தை நடத்துறவங்களுக்கும் வலிக்கும். வலிச்சாதான் விளம்பரம் ஒழுங்கா போகும், தெருமுனையில வழிகாட்டிப் பலகை நிக்கும், சாப்பாட்டு ஸ்டால வாசல்லயே போடாம கடைசியில போட்டு ஜனங்களை எங்க எல்லாரையும் தாண்டி நடக்க வைப்பாங்க. ஸ்பீக்கர் என் காதுக்கு நேரா இருக்காது, கஸ்டமர் "இது மைக்ரோவேவ்ல வைக்கலாமா"ன்னு கேக்குறது எனக்கு கேக்கும். விக்கிறவங்க பொய்க் கணக்கு காட்டுவாங்கன்னு பயமா இருந்தா பாதி வாடகை, பாதி பங்குன்னு வெச்சுப் பாருங்க.

விக்கிறவங்க மத்தியில ஒரு கணக்கு உண்டு, ஒரு ஸ்டால் கட்டுபடியாகணும்னா வாடகைய மாதிரி பத்து மடங்காவது விக்கணும்னு. எத்தனை பேரு உங்க சந்தையில அதை எட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, கேட்டதே இல்ல. "இத்தனை ஆயிரம் பேரு வந்தாங்க"ன்னு மறுநாள் போஸ்ட் மட்டும் வரும். வந்தவங்க எண்ணிக்கை எங்களுக்கு சோறு போடாதுங்க. வெளிய போற வழியில ஒருத்தரை அரை மணி நேரம் நிக்க வெச்சு எத்தனை பேரு கையில பையோட போறாங்கன்னு எண்ணச் சொல்லுங்க. முடியும்போது ஒரு பெட்டி கொண்டு வாங்க, பேரு எழுதாம பொருள் வகையும் அன்னிக்கு வித்த மொத்தமும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிப் போட்டுடுறோம். அடுத்த தடவ எந்த வகைக்கு எத்தனை இடம்னு அதுவே சொல்லிடும்.

மழையப் பத்தி தனியா சொல்லணும். மழை பெஞ்சா பணம் திரும்ப வருமா, பாதி வருமா, அடுத்த சந்தைக்கு கழிச்சுக்குவீங்களா, எதுவா இருந்தாலும் பணம் வாங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல குடுங்க. காத்துக்கும்தான். பத்துக்குப் பத்து அடி கூடாரத்துக்கு ஒவ்வொரு காலுக்கும் 15-லருந்து 20 கிலோ வெயிட் வேணும், ரோட்டுல ஆணி அடிக்க முடியாதுல்ல. அது எத்தனையோ பேருக்குத் தெரியாது, தண்ணி பாட்டில் ரெண்டைக் கட்டி விட்டுட்டு இருப்பாங்க, காத்து அடிச்சா அந்தக் கூடாரம் பறந்து வந்து விழுறது என் கப்பு மேல. காலையில சுத்திப் பாத்து வெயிட் இல்லாதவங்களை விரிக்க விடாதீங்க.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு, மறுக்கல. கூட்டம் கொஞ்சம் குறைஞ்சதும் முடியற நேரத்துக்கு முன்னாடியே மூட்டை கட்டுறவங்க இருக்காங்க, பாதி வரிசை காலியானா மிச்சப் பாதிக்கும் யாரும் வர மாட்டாங்க. அப்படிப் பண்றவங்களுக்கு அடுத்த தடவ இடம் குடுக்காதீங்க, நாங்க யாரும் சண்டைக்கு வர மாட்டோம்.

தனியா ஸ்டால் போடுறவங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் கடை பாத்துக்க ரெண்டு வாலண்டியர் சுத்திட்டு இருந்தா புண்ணியமாப் போகும், பாத்ரூம் போக வேண்டி வந்துடுமேன்னு தண்ணி குடிக்காம நாள் பூரா நிக்கிறவங்க நிறைய பேரு. வண்டி உள்ள வர்றதுக்கு ஆளுக்கொரு நேரம் பிரிச்சுக் குடுங்க, எல்லாரையும் ஒரே கேட்ல ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாதீங்க.

அடுத்த சந்தைக்கு ஃபார்ம் விடும்போது வகை வரம்பு, பாதி முடிஞ்ச பொருள், மழை விதி, இந்த மூணும் அதுல இருந்தா நான் முதல் ஆளா பணம் கட்டுறேன். இல்லைன்னா ஏன் இல்லைன்னு ஒரு வரி பதில் போடுங்க.

இப்படிக்கு,
மண்ணு கையோட ஒரு ஸ்டால்காரர்