ராஜபாளையம் குட்டிகளுக்குச் செவிச் சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ராஜபாளையம் நாயின் பால்வெள்ளை நிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமையையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால், அந்த வெள்ளையோடு சேர்ந்து பரம்பரையாக வரக்கூடிய காது கேளாமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த இனத்தை நேசிப்பவன் என்பதால் அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அவை இல்லாத காதில், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடுகின்றன. அதற்கு மருந்தே இல்லை. வெள்ளைத் தோலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் இனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது கேட்கவில்லை.

இந்த இரண்டாவது கூட்டம்தான் என்னை அச்சுறுத்துகிறது. ஒரு காது கேட்கும் நாய், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும், காவலும் காக்கும். எங்கள் பக்கத்தில் கை தட்டியும் தட்டை உருட்டியும் பார்த்து, 'காது நன்றாகக் கேட்கிறது' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படித் தேறிய கடுவன் அழகாகவும் இருந்துவிட்டால் பல பெட்டைகளோடு இணை சேர்க்கப்படுகிறது. குறை அடுத்தடுத்த ஈற்றுகளுக்கும் பரவுகிறது. இரு காதும் கேளாத குட்டியின் நிலை இன்னும் கொடுமை. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கிறது என்று தெருவில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும் மரபணுச் சோதனை இல்லை. ஆனால் செவிச் சோதனை இருக்கிறது. தலைத்தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 'டிக்' ஒலியைச் செலுத்தினால், ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைக் கருவி கோடாக வரைந்து காட்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் செய்வதும் இதே வகைச் சோதனைதான். ஆறு வாரக் குட்டிக்கே செய்துவிடலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. அப்படியானால் இடையில் இரண்டு வாரம் இருக்கிறதே, அது போதாதா?

வேப்பேரியிலும் நெல்லை ராமையன்பட்டியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில், கேட்ட உடனே இந்தச் சோதனை கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும். நாய்க் கண்காட்சிகளில் பரிசுக்கு வரும் ராஜபாளையம் நாய்களிடம் நிறத்தையும் உயரத்தையும் பார்க்கும் நடுவர்கள், இரு காதும் கேட்கிறது என்ற சான்றையும் கேட்க வேண்டும். குட்டி வாங்குவோர் தடுப்பூசி அட்டையோடு தாய், தந்தை இரண்டின் செவிச் சோதனை முடிவையும் கேட்டு வாங்கலாம்.

உங்கள் இதழின் வரி விளம்பரப் பகுதியிலும் ராஜபாளையம் குட்டிகள் விற்பனைக்கு என்ற அறிவிப்புகள் வருகின்றன. அவற்றில் செவிச் சோதனை செய்யப்பட்டதா என்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள் ஐயா.

நாட்டு நாய் வளர்ப்போன்,
ஸ்ரீவில்லிபுத்தூர்