கீபோர்டு வகுப்பு ஆசிரியர்களுக்கு: பின்பக்கத் துளையில் யூஎஸ்பி கேபிளை மாட்டுங்கள்

தமிழ்நாடு முழுக்க வீட்டு மாடியிலும் முன்னறையிலும் கீபோர்டு வகுப்பு நடத்திவரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் கீபோர்டு புரோகிராமராக வேலை செய்கிறேன். உங்களிடம் படித்து, கிரேடு தேர்வுகளை முடித்துவிட்டு, தொழில் பழக வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். விரல் நன்றாக ஓடுகிறது. நொட்டேஷனை வைத்தவுடன் வாசிக்கிறார்கள். ஆனால் கீபோர்டின் பின்னால் இருக்கும் சதுரமான யூஎஸ்பி துளை எதற்கு என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். வருடக்கணக்கில் வாசித்த கருவியில் அந்த ஒரு இடத்தை மட்டும் யாரும் தொட்டதில்லை.

உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே வேண்டுகோள். மாணவர் வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் மிடியாக (MIDI) பதிவு செய்து, அதைத் திரையில் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அதை முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஸ்டுடியோவுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. கை பழகுவதற்கே இது பெரிய உதவி.

மிடியில் சத்தம் பதிவாவதில்லை. எந்த கீ, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பவை எண்களாகப் போய்ச் சேரும். நடு ஸி என்றால் 60. அழுத்திய வேகம், அதாவது வெலாசிட்டி, 1 முதல் 127 வரை. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 என்று இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கருவிகளை இணைத்து வாசித்துக் காட்டினார்கள். அன்று ஒத்துக்கொண்ட அதே முறையைத்தான் உங்கள் மாணவர் வீட்டு கேஸியோவும் யமஹாவும் இன்றுவரை பின்பற்றுகின்றன.

இது வகுப்பில் எப்படி உதவும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பையன் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசித்தான். ஸ-வை நடு ஸி-யில் வைத்தால் 60, 61, 64, 65, 67, 68, 71, 72. கேட்க எல்லாம் சரியாகவே இருந்தது. பதிவை பியானோ ரோலில், அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு கோடாகக் காட்டும் திரையில், திறந்தோம். ஸ ரி க மூன்றும் வெலாசிட்டி 60-ஐ ஒட்டி நின்றன. கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து மத்யமத்தைப் பிடிக்கிற இடத்தில் அது 90-ஐத் தாண்டிவிட்டது. அந்த ம க்ளிக்குக்கு (சாஃப்ட்வேர் போடும் தாளத் தட்டுக்கு) கொஞ்சம் பிந்தியும் விழுந்திருந்தது. நான்காம் விரலில் வரும் நிஷாதம் 40-க்கு இறங்கிக் கிடந்தது. ‘கட்டைவிரலால் குத்தாதே’ என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். திரையில் அந்த ஒரு கோடு மட்டும் உயர்ந்து நிற்பதைப் பார்த்த பிறகு அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானே திரும்ப வாசித்தான், திரும்பப் பதிந்தான்.

லெகாட்டோவும், அதாவது இடைவெளி விடாமல் சேர்த்து வாசிப்பதும், அப்படித்தான். ஒரு ஸ்வரம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இடைவெளி விட்டால் வெள்ளையாகத் தெரியும். கார்டு பிடிக்கும்போது மூன்று விரலும் சேர்ந்து இறங்குகிறதா, சுண்டுவிரல் பின்தங்குகிறதா என்பதும் மறைக்க முடியாமல் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குவாண்டைஸ் பட்டனைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு அழுத்தலில் எல்லா ஸ்வரமும் தாளக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் அதைத் தொடவே விடாதீர்கள். எங்கே முந்துகிறோம், எங்கே பிந்துகிறோம் என்று காட்டுகிற தகவலையே அது அழித்துவிடுகிறது. தொழிலுக்கு வந்த பிறகும் இதே பழக்கம் தொடர்வதால்தான் இன்று பல பாட்டுகளில் கீபோர்டு பகுதி உயிரில்லாமல் கேட்கிறது என்பது என் கருத்து.

கமகத்துக்கு வருகிறேன். கீயில் கமகம் வராது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கும் கீபோர்டில் இடது கையால் அதை அசைத்தால், அந்த அசைவும் தனியாகப் பதிவாகும். மேலிருந்து கீழ்வரை 16,384 படிகள். பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்ற அளவில் வைத்திருப்பார்கள். திரையில் அது வளைகோடாக வரும். தோடியின் காந்தாரத்தைப் பாடிக் காட்டி, மாணவர் போட்ட வளைகோட்டைப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வீணையில் கிடைக்கிற நயம் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அசைவு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்ற கவனம் கட்டாயம் வரும்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். நிறைய கீபோர்டுகளுக்குப் பிரிண்டருக்கு மாட்டும் அதே கேபிள் போதும். லேப்டாப் இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு 6-க்கு மேற்பட்ட போனும் ஓடிஜி அடாப்டரும் (போனில் யூஎஸ்பி கேபிளை மாட்ட உதவும் இணைப்பி) இருந்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஐபோன் இருந்தால் கராஜ்பேண்ட், கம்ப்யூட்டரில் வேவ்ஃபார்ம் ஃப்ரீ என்று இலவச சாஃப்ட்வேரும் உண்டு.

மாட்டிய முதல் நாளே பலரும் வெறுத்துப்போவது ஒரு காரணத்தால்தான்: கீயை அழுத்தினால் சற்றுக் கழித்துச் சத்தம் வருகிறது. இது கீபோர்டின் குறை கிடையாது. கம்ப்யூட்டர் ஒலியைத் தொகுத்து வெளியே அனுப்ப எடுத்துக்கொள்ளும் நேரம். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 1024 என்று இருந்தால் அதற்கு மட்டுமே 23 மில்லி செகண்ட் போகும், 128 என்று குறைத்தால் 3 மில்லி செகண்டுக்குள் அடங்கும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ (ASIO) என்ற ஒலி டிரைவர் போட்டுக்கொண்டால் பஃபரைத் தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் வகுப்புக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டபடி வாசிக்கச் சொல்லிவிட்டு, சாஃப்ட்வேர் ட்ராக்கின் மானிட்டரை (வாசிக்கும்போதே ஒலியைக் கேட்கவைக்கும் பட்டனை) அணைத்து, மிடியை மட்டும் பதியுங்கள். தாமதம் காதுக்கே வராது. இரண்டு சத்தம் சேர்ந்து கேட்டால் மானிட்டர் திறந்திருக்கிறது என்று பொருள். சாஃப்ட்வேரின் ஒலிதான் வேண்டும் என்றால் மானிட்டரைத் திறந்துவிட்டு, கீபோர்டு மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்; கீயை அழுத்தினால் கீபோர்டின் சொந்த ஒலி வராது. ஸ்டைல், அதாவது கீபோர்டின் தானியங்கிப் பக்கவாத்தியம், ஓடவிட்டு வாசித்தால் டிரம்ஸும் பேஸும் வேறு சேனல்களில் சேர்ந்து வந்து குழப்பும். ஆகவே ஸ்டைலை நிறுத்திவிட்டு, சாஃப்ட்வேரின் க்ளிக்கில் வாசிக்க வையுங்கள்.

‘எந்தக் கீபோர்டு வாங்கலாம் சார்?’ என்று பெற்றோர் உங்களைத்தான் கேட்பார்கள். ஆரம்பநிலை மாடல்கள் சிலவற்றில் டச் ரெஸ்பான்ஸ் இருக்காது, மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே வெலாசிட்டிதான் பதியும். சிலவற்றில் யூஎஸ்பி துளையே கிடையாது. நூறு ரிதம், இருநூறு டோன் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை விட்டுவிட்டு இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

பதிந்த பாடத்தைப் பெற்றோருக்கு அனுப்பும்போது மிடி கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். போனுக்குப் போன் வேறு ஒலியில் கேட்கும், சிலவற்றில் திறக்கவே திறக்காது. சாஃப்ட்வேரில் எம்பி3 போன்ற ஒலிக் கோப்பாக மாற்றி அனுப்புங்கள். மிடி கோப்பு சில கிலோபைட்தான், அதைத் தேதி போட்டு மாணவர் பெயரில் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அடுத்த கிரேடு தொடங்கும் நாளில் முதலில் அதைத் திறந்து காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு கீபோர்டு புரோகிராமர்