பிளாக்கைச் சோதித்தீர்கள், சக்கரத்தை?

ரயில்வே வாரியத்துக்கும், ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ. பொறியாளர்களுக்கும்,

வணக்கம். கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில், வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்க்கிற பிட் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சக்கரத்தை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பிரேக் பிளாக். அதில் பல பொருள் கலந்து செய்கிற காம்போசிட் பிளாக் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வார்ப்பிரும்பு பிளாக்கைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

இரும்பு பிளாக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வண்டி வேகமாக ஓடும்போது சரியாகப் பிடிக்காது, நிற்கப்போகிற நேரத்தில் கவ்வும். பிளாட்பாரம் வந்துவிட்டதென்று பெட்டியோடு எழுந்து நிற்பவர்கள் கடைசியில் ஒரு குலுக்கலில் முன்னால் சாய்வது அதனால்தான். பிசின், ரப்பர், நார், உலோகத்தூள் எல்லாம் கலந்து அச்சில் அழுத்தி வேகவைக்கிற காம்போசிட் பிளாக் பல வேகங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடிக்கும். பல மடங்கு நாள் உழைக்கும். அதிலும் கே டைப் என்ற வகைக்குப் பிடி அதிகம். அதனால்தான் பழைய வகை ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டிகளில் பிரேக்கை, சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியிலேயே பொருத்தியபோது, பிளாக்கைத் தள்ளுகிற 14 அங்குல காற்று சிலிண்டரை விட்டுவிட்டு 8 அங்குல சிலிண்டருக்கு வர முடிந்தது. பிடி குறைவான எல் டைப்பை மறதியாக அந்தப் பெட்டியில் மாட்டினால் வண்டி தள்ளிப்போய் நிற்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் பேச வந்தது சூட்டைப் பற்றி. 50 டன் பெட்டி ஒன்று 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்தே நிற்கிறது என்று வையுங்கள். எட்டுச் சக்கரத்துக்கும் பங்கு போட்டால், ஒவ்வொன்றின் பங்கும் பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு. இரும்பு பிளாக் இருந்த காலத்தில் அதில் ஒரு பகுதியைப் பிளாக்கே வாங்கிக்கொள்ளும். காம்போசிட் வாங்காது. வாணலியின் மரக்கைப்பிடி மாதிரிதான் அது. சூடு ஏறக்குறைய முழுவதும் சக்கரத்துக்குள் போகிறது.

அப்புறம் இன்னொன்று. இரும்பு பிளாக் ஒட்டிக்கொண்டு ஓடினால் பொறி பறக்கும். ராத்திரி வண்டியைப் பார்த்து விளக்கு காட்டும் கேட்மேனுக்கே தெரிந்துவிடும். காம்போசிட் பிளாக் அவ்வளவு பொறி கக்காது. ஸ்டேஷனில் வண்டி நின்றபிறகு கருகின பிசின் வாடைதான் வரும், அதுவும் காற்று நம் பக்கம் அடித்தால்.

இதில் நானே ஒருமுறை கோட்டை விட்டேன். ஒரு பெட்டியில் பிரேக் பைண்டிங், அதாவது பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டது என்று எழுதி வந்திருந்தது. பிளாக்கைக் கழற்றி மாற்றினேன், பிளாக்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக வைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்த்தேன். சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பான ட்ரெட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நல்ல சக்கரம் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். மூத்த ஃபிட்டர் ஒருவர் கூப்பிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் காட்டினார். விளிம்பு ஓரத்தில் எண்ணெய் பட்ட தண்ணீர் போல நீலமும் ஊதாவும் ஓடியிருந்தது. பளபளப்புக்கு நடுவே குறுக்காக, தலைமுடி கனத்தில் நாலைந்து கோடுகள். அன்றைக்கே அந்தச் சக்கரத்தைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள்.

சக்கரத்தின் வெளிவளையமான ரிம் அளவுக்கு மீறிச் சூடேறி ஆறினால், தயாரிக்கும்போது அதற்குள் வைத்த அமுக்க விசை போய் இழுவிசை வந்துவிடும். அப்புறம் ஒரு சின்னக் கீறல் வளர்வதற்குத் தடையே இல்லை.

2023 ஆகஸ்ட் 10 அன்று சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்தில் சரக்கு ரயிலின் சக்கரம் ஒன்று உடைந்து வண்டி தடம் புரண்டது. உலோகச் சோர்வால் வந்த விரிசல். சுரங்கம் முழுதாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 ஆகிவிட்டது. ரயில் சத்தத்தைக் குறைக்க ஐரோப்பாவில் இரும்பு பிளாக்கை எடுத்துவிட்டு எல்.எல். என்ற காம்போசிட் பிளாக்கை மாட்டியிருந்தார்கள். அது சக்கரத்துக்குக் கூடுதல் வெப்பச் சுமை தருகிறது என்ற பேச்சு இந்த விபத்துக்குப் பிறகு பெரிதானது. 2025 செப்டம்பரில் சுவிஸ் அரசு சக்கரத்தின் குறைந்தபட்ச விட்டத்துக்கும் பராமரிப்புக்கும் கடுமையான விதிகளை அறிவித்தது. வேகன் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். நம் சக்கரம் வேறு, நம் சுமை வேறு, சரி. சூடு போகிற வழி ஒன்றுதான்.

புது வகை எல்.எச்.பி. பயணிகள் பெட்டி வந்து, சக்கரத்தைத் தொடாமல் தனித் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் ஆகிவிட்டதே என்பீர்கள். சரக்கு வேகன்களில் இன்னமும் பிளாக் சக்கரத்தைத்தான் கவ்வுகிறது. அந்த வேகன்கள் நாடு முழுக்க ஓடுகின்றன.

நான் கேட்பது பெரிய செலவில்லை. புது பிளாக்குக்கு அனுமதி தரும்போது, டைனமோமீட்டர் என்ற சோதனை இயந்திரத்தில் அது எத்தனை மீட்டரில் நிறுத்துகிறது, எவ்வளவு தேய்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பிளாக்கோடு ஓடின சக்கரங்களில் எத்தனையில் வெப்ப விரிசல் வந்தது, எத்தனை முறை லேத்தில் கடைந்து சரிசெய்தார்கள் என்பதையும் அதே தாளில் எழுதவையுங்கள். பிரேக் பைண்டிங் ஆன விவரம் நான் வேலை பார்த்தவரை பெட்டியின் பேரில்தான் பதிவானது. சக்கரம் வேறு பெட்டிக்கு மாறினால் அதன் கதை கூடவே போகாது. இரண்டு சக்கரத்தை இணைக்கும் ஆக்சிலின் நம்பர் பேரில் எழுதினால் போகும். கடைசியாக, பிளாக் மாற்றும் வேலை குறைந்ததே, அந்த நேரத்தை ஆள் குறைப்புக்குக் கணக்கு போடாமல் டார்ச் பிடிக்கிறவனுக்குக் கொடுங்கள். ஒரு சக்கரத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு டெக்னீஷியன்