சிக்னல் எரியவில்லையா? சுவிட்சை மாற்றுமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பத்தாண்டு முடிந்து, சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் கார்கள் சிங்கப்பூரில் சின் மிங்கில் உள்ள எங்கள் பட்டறைக்கு நிறைய வருகின்றன. அந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. தேதி நெருங்கும்போது சிக்னல் தகராறு செய்தால் பதற்றம்தான். சிலர் இணையத்தில் பழைய சிக்னல் சுவிட்சை வாங்கிக் கையோடு கொண்டுவந்து, "இதை மாட்டிக் கொடுங்க" என்கிறார்கள். மாட்டித் தரலாம், கூலியும் வரும். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.

முதலில் ஹசார்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நான்கு மூலையும் ஒழுங்காக மின்னினால் பல்பு, அதற்குப் போகும் வயர், எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்பு) எல்லாம் சரி. ஹசார்டுக்கும் சிக்னலுக்கும் ஒரே ஃபிளாஷர் (விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே) உள்ள கார் என்றால் அதுவும் சரி. மிச்சம் இருப்பவை சிக்னல் ஃபியூஸ், சிக்னல் சுவிட்ச், அப்புறம் அந்த ஹசார்ட் பொத்தானேதான். பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில், சாவி போட்டதும் வரும் மின்சாரம் ஹசார்ட் பொத்தானுக்குள் இருக்கும் ஒரு காண்டாக்ட் வழியாகத்தான் ஃபிளாஷருக்குப் போகிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பொத்தான், உள்ளே கறை படிந்துவிடும். பத்துப் பதினைந்து தடவை அழுத்தி விடுங்கள். சிக்னல் திரும்பி வந்தால் ஆள் அகப்பட்டாச்சு.

ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு 21 வாட் பல்பு போயிருக்கும். இழுக்கும் மின்சாரம் குறைந்ததும் ஃபிளாஷர் வேகமெடுக்கும், உங்களை எச்சரிக்கத்தான். எல்இடி பல்பு போட்டவர்களுக்கும் இதே கதை, ஏனென்றால் அது இழுப்பதே கொஞ்சம். அதற்கேற்ற எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டால் தீர்ந்தது. ரெசிஸ்டர் மாட்டச் சொல்வார்கள். அது கை வைக்க முடியாத அளவு சுடும், பிளாஸ்டிக் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள்.

அதிகம் அலைக்கழிப்பது எர்த்தான். சிக்னல் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும், பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரியும். திரும்பிப் போகும் வழி அடைபட்டால் மின்சாரம் பக்கத்துப் பல்பு வழியாக வழி தேடிக்கொள்கிறது. பின் விளக்கின் ரப்பர் விறைத்துப்போனால் ஆண்டிறுதி மழைத் தண்ணீர் உள்ளே கசியும். சாக்கெட்டைக் கழற்றினால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும், ஆனால் ரப்பரையும் மாற்றினால்தான் அது நிலைக்கும்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பல்பைக் கழற்றிவிட்டு அளந்து, "12 வோல்ட் வருதே" என்று ஏமாறாதீர்கள். ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரும் சுமை இல்லாதபோது அப்படித்தான் காட்டும். பல்பு எரியும்போது சாக்கெட்டின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பூட் மூடியில் விளக்கு உள்ள கார் என்றால் கீல் பக்கத்து ரப்பர் குழாயையும் மடக்கிப் பாருங்கள். திறந்து மூடியே வயர் உள்ளே முறிந்திருக்கும்.

ஹசார்ட் நன்றாக வேலை செய்து, வலமோ இடமோ ஒரு பக்கம் மட்டும் வராமல், சுவிட்சைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் வருகிறதா? சரி, அப்போது நீங்கள் வாங்கிய சுவிட்சுக்கு வேலை இருக்கிறது. அதை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில், ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்துத்தான் நாங்களே கை வைப்போம்.

வரும்போது எந்தப் பக்கம், மழையிலா வெயிலிலா, ஹசார்ட் எரிகிறதா என்று சொல்லுங்கள். அண்மையில் கேமராவோ அலாரமோ பொருத்தியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அவற்றுக்கு மின்சாரம் எடுக்கப் போட்ட, வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீலக் கிளிப்பைத்தான் முதலில் தேடுவோம். எல்இடி மாற்றியவர்கள் பழைய பல்புகளையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
பட்டறையினர்